சீக்கான நாயை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி? பாசம் மட்டும் போதாது, ஒரு நோட்டும் வேண்டும்

ராத்திரி பத்தரை மணிக்கு சங்கரன்கோவிலிலிருந்து அம்மாவின் வீடியோ கால். "ஏய்யா, மணி நேத்துல இருந்து ஒண்ணும் திங்கல. தண்ணி வச்சாலும் கக்கிருது. என்ன செய்யன்னே தெரியல" என்று போனைத் திருப்பிக் காட்டினார். முற்றத்தில், அவருடைய பழைய நூல் சேலை ஒன்றின் மேல், பதினோரு வயது மணி ஒருக்களித்துப் படுத்திருந்தான். என் குரல் கேட்டதும் வாலை மட்டும் லேசாக ஆட்டினான். நான் இருப்பது சென்னையில், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகியிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு மணி ஏழு வாரம் இருந்தான். அந்த ஏழு வாரமும் அவனுக்கு ஆஸ்பத்திரி எங்கள் வீட்டு முற்றம்தான், நர்ஸ் அம்மாதான்.

வெளியூரில் வேலை, சொந்த ஊரில் அப்பா அம்மா, அவர்களோடு ஒரு நாய் என்று இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்த போன் கால் ஒருநாள் உங்களுக்கும் வரும். அப்போது "பாவம்", "கடவுளே" என்பதைத் தாண்டி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீக்கான நாயை வீட்டில் பார்ப்பது தியாகம் அல்ல, அது ஒரு வேலை. வேலை என்றால் அதற்கு அட்டவணை வேண்டும், ஆள் வேண்டும், பணத்துக்கு ஒரு கணக்கு வேண்டும், எப்போது நிறுத்துவது என்ற தெளிவும் வேண்டும். இவை இல்லாத பாசம் நாயைக் கூடுதலாகத்தான் வதைக்கும்.

ஏன் வீடே வார்டு ஆகிறது?

சங்கரன்கோவில் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரிய கால்நடை மருத்துவ வசதிக்கு இன்றும் நெல்லையைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, சங்கரன்கோவில் - திருநெல்வேலி சாலையிலேயே ராமையன்பட்டியில் இருக்கிறது. ஒரு வகையில் நமக்கு அதிர்ஷ்டம்தான். ஆனாலும் ஒரு நடைக்கு 50 கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும்.

ஒருநாள் போய் வரலாம். "அஞ்சு நாள் தொடர்ந்து ட்ரிப் ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னால்? பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வாடகை கார்க்காரர், "வாந்தி எடுக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையே சொல்வார். தாலுகா ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாயையும் பார்ப்பார்கள். ஆனால் அங்கே முதல் வேலை மாடும் ஆடும் கோழியும்தான். அதில் தப்பும் இல்லை, விவசாய ஊரில் அதுதான் பிழைப்பு. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அதுவும் முக்கியமாக வண்டியில் ஏற்ற முடியாத மாடுகளை மனதில் வைத்து வந்த ஏற்பாடு.

இத்தனைக்கும் இது நாய்களுக்குப் பேர்போன பகுதி. முக்கால் மணி நேரத்தில் ராஜபாளையம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்தப் பக்கத்து மண்ணில் வளர்ந்தவைதான். நாயைப் பற்றிப் பெருமை பேசும் ஊரில், நாய்க்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல நேரமாகும்.

எதை வீட்டில் பார்க்கலாம், எதைப் பார்க்கவே கூடாது?

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பல நாய்கள் சாகின்றன.

குட்டி நாய் வாந்தி எடுக்கிறது, ரத்தம் கலந்து நாற்றத்தோடு கழிகிறது என்றால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். இதை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. சிகிச்சை இல்லாமல் பிழைப்பது அபூர்வம். நேரத்தோடு ட்ரிப்பும் மருந்தும் கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். "நாளைக்குப் பாப்போம்" என்ற ஒரு ராத்திரியில்தான் வித்தியாசம் இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சல் வேறு கதை. காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, சில நேரம் மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனை செய்து மருந்து எழுதி வாங்கிவிட்டால், மீதியை வீட்டில் பார்க்கலாம். ஆனால் மாத்திரையைச் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். நாலாம் நாளே நாய் துள்ளுகிறது என்று நிறுத்திவிட்டால், நோய் மறுபடி தலைதூக்கும்.

நாள்பட்ட சிறுநீரகப் பழுது, புற்றுநோய், முதுமையில் வரும் மூட்டு நோய், பின்னங்கால் செயலிழப்பு இவைதான் உண்மையில் வீட்டுப் பராமரிப்புக்கு உரியவை. இவற்றில் பலவற்றை முழுதாகக் குணப்படுத்த முடியாது. நல்ல நாட்களைக் கூட்டலாம், வலியைக் குறைக்கலாம். சிறுநீரக விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். "நல்லாத்தான இருந்தான், திடீர்னு வந்துருச்சு" என்று நாம் சொல்வது அதனால்தான். திடீரென்று வரவில்லை, நமக்குத்தான் திடீரென்று தெரிந்தது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டு, அட்டவணை எல்லாவற்றையும் மூடிவிட்டு வண்டி பிடியுங்கள்:

- ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ மாறுவது
- ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு
- வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவிப்பது
- ஒரு நாள் முழுக்க சிறுநீர் போகாதது
- படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது

இன்னொரு எச்சரிக்கை. நாயின் குணம் திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால், "தொண்டையில முள்ளு மாட்டிருக்கும்" என்று வாய்க்குள் கை விடாதீர்கள். ரேபிஸாகவும் இருக்கலாம். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் மேல் உள்ள பாசம் நம் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது.

அந்த நோட்டில் என்ன எழுதுவது?

அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பால் கணக்கு எழுதுவது போல எழுத ஆரம்பித்தார். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று கட்டம். என்ன சாப்பிட்டான், எவ்வளவு தண்ணீர் குடித்தான், எத்தனை தடவை சிறுநீர் போனான், வாந்தி உண்டா, மாத்திரை எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். வாரம் ஒருநாள் அந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் டாக்டருக்கு அனுப்புவேன். "டல்லா இருக்கான் சார்" என்று சொல்வதைவிட, "ரெண்டு நாளா அரைக் கிண்ணம்தான் சாப்பிடுறான், நாலு தடவை வாந்தி" என்று சொன்னால் டாக்டருக்கு மருந்தை மாற்றுவது சுலபம்.

மூன்று அளவுகளை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒன்று மூச்சு. நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். இரண்டு, வெப்பம். ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்கு 102 என்றால் காய்ச்சல், அதற்கு அது சாதாரணம். மூன்று, ஈறு. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்துவிட வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சிறுநீரகப் பழுது உள்ள சில நாய்களுக்கு, தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வீட்டாருக்கே டாக்டர் கற்றுக்கொடுப்பார். தோள்பட்டைப் பக்கம் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செலுத்துவது. கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். அம்மாவும் முதல் நாள் கை நடுங்கி அழுதார். இரண்டாம் வாரம், "ஏ மணி, அசையாம இருடே" என்று அதட்டிக்கொண்டே ஏற்றினார். தோலுக்கடியில் கட்டி போலத் தெரியும் அந்த நீர் சில மணி நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். எந்த சலைன், எத்தனை மில்லி என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும். இதய நோய் உள்ள நாய்க்கு அதே சலைன் ஆபத்தாக முடியும்.

படுக்கையில் விழுந்த நாய்க்கு மருந்தைவிட முக்கியம் படுக்கை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் இடுப்பு எலும்பு அழுத்தும் இடத்தில் புண் வரும். புண்ணில் ஈ உட்கார்ந்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புழு வைத்துவிடும். விசைத்தறி ஊரில் பழைய நூல் சேலைக்குப் பஞ்சமில்லை. நாலாக மடித்துக் கீழே மெத்தையாகப் போடலாம். நனைந்தால் மாற்றித் துவைத்துக்கொள்ளலாம். பின்னங்கால் நிற்காத நாய்க்கு வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் வெளிக்குப் போய் வரும். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் படுக்க வைக்காதீர்கள். சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாகவும் பரவும்.

சாப்பாட்டில் நம் பாசம்தான் முதல் எதிரி. "ஒடம்பு தேறட்டும்"னு சிறுநீரகம் கெட்ட நாய்க்கு ஈரலும் எலும்பும் பாலும் கொடுப்பது, ஏற்கெனவே திணறும் உறுப்பின் மேல் மூட்டை ஏற்றுவது போல. சாப்பிட மறுக்கும் நாயின் தலையை நிமிர்த்திக் கஞ்சியை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தலை நேராக இருக்க, கன்னத்தின் ஓரமாக, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப் வைத்தியமும் புற்று மண்ணும்

"மனுசனுக்குக் கொடுக்கிற வலி மாத்திரைதான, பாதி கொடுத்தா என்ன?" என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலில் ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பூனைக்கோ அது விஷம். டைக்ளோஃபெனாக் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்த பிறகு, 2006-ல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. ஒரு விலங்குக்கு மருந்து, இன்னொரு விலங்குக்கு நஞ்சு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்தது நம்பிக்கை. சங்கரநாராயணர் கோயில் புற்று மண், தோல் நோய்க்கு மருந்து என்று நம்பி வாங்கிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அம்மாவும் மணியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். நான் தடுக்கவில்லை. பொட்டு வைத்த கையாலேயே மாத்திரையும் கொடுத்தார் என்பதால்தான். நம்பிக்கை, சிகிச்சைக்குத் துணையாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிகிச்சைக்குப் பதிலாக வரும்போதுதான் பிரச்சினை.

யார் பார்ப்பது, யார் பணம் கொடுப்பது?

ரத்தன் டாடாவின் நாய்க் கதையை வாட்ஸ்அப்பில் படிக்காதவர்கள் குறைவு. 2018 பிப்ரவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில், இளவரசர் சார்லஸ் கையால் விருது வாங்க வேண்டியவர், தன் நாய்க்கு உடம்பு சரியில்லை என்று போகவே இல்லை. தொழிலதிபர் சுஹேல் சேத் சொல்லி ஊரறிந்த சம்பவம் அது. நல்ல கதைதான். ஆனால் டாடாவால் அரண்மனையைத் தள்ளிவைக்க முடிந்தது. தறியில் நிற்பவரால் ஷிஃப்டைத் தள்ளிவைக்க முடியாது. நம்மால் திங்கட்கிழமை மீட்டிங்கைத் தள்ளிவைக்க முடியாது.

அதனால் நம் வீடுகளில் இந்த வேலை, கேட்காமலேயே ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அது அம்மா. நான் ஜி-பேயில் பணம் அனுப்பிவிட்டு, "என்னம்மா, சாப்பிட்டானா?" என்று கேட்டு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். அறுபது தாண்டிய ஒரு பெண், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இருபத்தைந்து கிலோ நாயைப் புரட்டிப் படுக்க வைப்பதை மூன்றாம் வாரம் ஊருக்குப் போனபோதுதான் கண்ணால் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஆகவே முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ராத்திரி யார்? மாத்திரை யார்? வண்டி யார்? பக்கத்துத் தெருத் தம்பி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து தினம் இரண்டு வேளை வரச் சொல்ல முடியுமா? பணத்துக்கும் ஒரு எல்லை வையுங்கள். "இவ்வளவு வரைக்கும் முடியும்" என்று டாக்டரிடம் சொல்வது துரோகம் அல்ல. எல்லை தெரிந்தால், வீண் பரிசோதனைகளை விட்டுவிட்டு வலியைக் குறைக்கும் மருந்தை முதலில் எழுத அவரால் முடியும்.

"மனுசனுக்கே வழியில்லாத ஊர்ல நாய்க்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கோபப்பட வேண்டாம். வாலாட்டும் வரை வீட்டு நாய், சீக்கு வந்ததும் தெரு நாய் என்று கொண்டுபோய் விடுவதால் அந்த மனிதர்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. தடுப்பூசி இல்லாமல் தெருவில் அலையும் நோயாளி நாய், ஊருக்கே ஆபத்து. சட்டமும் இதைத் தப்பு என்கிறது. பசி தாகத்தில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பிளேட் பரோட்டா காசு. அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயைக் காப்பாற்றப் போவதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"இயற்கையா போகட்டும்" என்பது எப்போதும் கருணையா?

இதுதான் எழுதக் கஷ்டமான பகுதி. நம் வீடுகளில் கருணைக்கொலை என்றாலே, "பாவம்ல, நாமளே கொல்லச் சொல்றதா?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சிறுநீரகம் முழுதாகப் போன நாயின் 'இயற்கை' என்பது வாய்ப்புண், நிற்காத வாந்தி, வலிப்பு என்று நாட்கணக்கில் நீளலாம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் நாம் எடுக்கும் ஒரு முடிவுதான்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு எளிய அளவுகோலைக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. மார்க் என்பது தீர்ப்பு அல்ல. ஆனால் அழுகையின் நடுவே யோசிக்க ஒரு பிடிமானம். வாரம் ஒருமுறை, வீட்டில் இருவர் தனித்தனியாக மார்க் போட்டுப் பாருங்கள். தினமும் கூடவே இருக்கும் அம்மாவின் மார்க்குக்குத்தான் கூடுதல் மதிப்பு, போனில் பார்க்கும் நமக்கு அல்ல.

மருத்துவர் செய்யும் முறை, நாம் பயப்படுவது போல் இல்லை. பொதுவாக முதலில் மயக்க ஊசி. பிறகு மயக்க மருந்தே அதிக அளவில். நாய் நினைவிழந்த பிறகுதான் இதயம் நிற்கும். குணப்படுத்த முடியாத நோய் என்று மருத்துவர் உறுதிசெய்த தெருநாய்களுக்கு இதை 2023-ம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அனுமதிக்கின்றன. ஆனால் "சோத்துல ஏதாச்சும் கலந்து வச்சிரலாம்" என்பது கருணை அல்ல, கொடூரம். பாரதிய நியாய சன்ஹிதா 325-ன் கீழ் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

மணியின் கடைசி வாரத்தில் நான் போட்ட மார்க் 38. அம்மா போட்டது 19. நான் கூட்டிப் போட்டது அவனுக்காக அல்ல, எனக்காக என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்தார். தலை அம்மாவின் மடியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், கிணற்றிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி தோண்டினோம். ஊசி போட்ட உடலை மற்ற விலங்குகள் தோண்டித் தின்றால் அவையும் சாகும் என்பதால் ஆழம் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அரசு என்ன செய்யலாம்?

பெரிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை. மூன்றே விஷயம். தாலுகா தலைநகர் கால்நடை மருத்துவமனைகளில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேரத்தில் செல்லப்பிராணிப் பிரிவு. வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வர முடியும். அங்கேயே சிறுநீரகம், ரத்த அணுக்கள் பார்க்கும் அடிப்படை ரத்தப் பரிசோதனை. மாதிரியை நெல்லைக்கு அனுப்பிக் காத்திருக்கும் நாட்கள் மிச்சம். மூன்றாவது, வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாள். ராமையன்பட்டி போன்ற கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களே இதைத் தயாரித்து, முகாம்களில் அரை மணி நேரம் செய்துகாட்டலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி ஊருக்கு போன் பண்ணும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நாய்க்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது? பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரின் நம்பர் அம்மா போனில் இருக்கிறதா? நடுராத்திரி கூப்பிட்டால் நாயை ஏற்றிக்கொண்டு வரச் சம்மதிக்கும் வண்டிக்காரர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்தப் பத்தரை மணி போன் கால் வரும்போது நீங்கள் என்னைப் போல முழிக்க மாட்டீர்கள்.